சென்சார்னு படிச்சேன், சர்க்யூட்னு படிக்கல

போன ஏப்ரல்ல என் மாமாவோட பணம் 4,450 ரூபாயை நான் வீணாக்கினேன். சூதாட்டம் எதுவும் இல்லை. ரெண்டு சென்சார் வாங்க வெச்சேன். ரெண்டுமே தேவையில்லாதது.

இதை நான் எழுதுறதுக்குக் காரணம் குற்ற உணர்ச்சி மட்டும் கிடையாது. அந்த ரெண்டு சென்சாரையும் நான் சிபாரிசு பண்ணினப்ப எனக்கு இ.சி.இ.ல ஏழு செமஸ்டர் முடிஞ்சிருந்தது. ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூல "தெர்மிஸ்டர்னா என்ன?"ன்னு கேட்டதுக்கு மூச்சு விடாம பதில் சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் எப்படி இவ்வளவு தப்பா யோசிச்சேன்ங்கிறதுதான் என் கேள்வி. பதில் கொஞ்சம் நம்ம லேப் பக்கமும் கை காட்டுது. (ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். அதனால தமிழ்ல சந்திப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க, நான் அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்.)

மாமா திருச்சியில சொந்தமா ஒரு செடான் வெச்சு டாக்சி ஓட்டுறார். ஏர்போர்ட் டிராப், தஞ்சாவூர், கும்பகோணம் கோயில் டிரிப். இது போக வாரத்துல மூணு நாள் ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார். மாசக் கணக்கு பேசின டிரிப். சவாரி இல்லாத நாள்லயும் இந்தக் காசு வந்துடும்னு மாமாவுக்கு ஒரு தைரியம்.

மார்ச் கடைசியில ஏசி மக்கர் பண்ண ஆரம்பிச்சது. போட்டவுடனே குளிரும். கொஞ்ச நேரத்துல கம்ப்ரஸர் 'டிக்'னு ஆஃப் ஆகும். காத்து மட்டும் வரும், குளிர் வராது. அப்புறம் தானா திரும்ப ஆன் ஆகும், உடனே ஆஃப் ஆகும். சில நாள் ஏதாவது பள்ளத்துல இறங்கினா மொத்தமா நின்னுடும். வண்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாதான் வரும். திருச்சி வெயில்ல இது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

முதல்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல "கேஸ் கம்மியா இருக்கு"ன்னு சொல்லி 1,800 ரூபாய் வாங்கிட்டு கேஸ் ஏத்தினாங்க. பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தாங்களான்னு மாமாவுக்குத் தெரியல. நம்ம ஊர்ல ஏசி குளிரலைன்னா முதல் பதில் எப்பவும் கேஸ்தான், காய்ச்சல்னா பாராசிட்டமால் மாதிரி. மாற்றம் ஒண்ணும் இல்லை.

அப்பதான் நான் ஹீரோவா என்ட்ரி கொடுத்தேன். ஃப்ரெண்ட்கிட்ட ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் இருந்தது, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இ.எல்.எம்.327 வகை. ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகி, போன்ல ஆப்பைத் திறந்தா ஒரு கோட் வந்தது. பி0538. விளக்கம்: ஏ/சி எவாப்பரேட்டர் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட் ஹை.

"மாமா, சென்சார் போச்சு"ன்னு சொன்னேன். மூணு செகண்ட்ல வந்த தீர்ப்பு.

சென்சார் மாத்தினோம். பார்ட், லேபர் எல்லாம் சேர்த்து 1,850. ஏசி சூப்பரா வேலை செஞ்சது. அத்தை போன் பண்ணி "படிச்ச புள்ள கையில எடுத்தா தனிதான்"னு சொன்னாங்க. ஒன்பது நாள். பத்தாவது நாள் அதே 'டிக்'.

இங்கதான் நான் ரெண்டாவது தப்பு பண்ணினேன். முதல் தப்பைவிட இதுதான் மோசம்னு இப்ப தோணுது. சென்சார் மாத்தினதும் சரியாச்சு, அதனால கோளாறு சென்சார்லதான்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். அப்படின்னா திரும்ப வந்ததுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: கடைக்காரர் டூப்ளிகேட் கொடுத்துட்டார். "ஒரிஜினல் வாங்குங்க மாமா." 2,600 ரூபாய். இந்தத் தடவை ஆறு நாள் ஓடினது. ஏழாவது நாள் மத்தியானம், டயாலிசிஸ் முடிஞ்சு பெரியவர் பின்சீட்ல படுத்துட்டு வரும்போது, ஏசி மொத்தமா நின்னது. வீடு வந்து சேரும்போது அவர் சட்டை முழுக்க நனைஞ்சிருந்துச்சாம். அவர் பையன் கோபப்படல. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, வேற வண்டி பார்த்துக்கிறோம்"னு மட்டும் சொன்னார். மாசக் கணக்கு அதோட முடிஞ்சது.

இப்ப அந்தக் கோடை திரும்பப் படிங்க. சென்சார்ங்கிற வார்த்தைக்கு அப்புறம் இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு. சர்க்யூட். ஹை. நான் சென்சாரோட நிறுத்திட்டேன்.

அந்த சென்சார் ஒரு சாதாரண என்.டி.சி. தெர்மிஸ்டர். டேஷ்போர்டுக்குள்ள எவாப்பரேட்டர் பக்கத்துல உட்கார்ந்திருக்கும். குளிர குளிர அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடானா இறங்கும். ஈசியூ உள்ள இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் வந்து, ஒயர்ல போய், கனெக்டரைத் தாண்டி, சென்சாரைத் தாண்டி, இன்னொரு ஒயர் வழியா கிரவுண்டுக்குத் திரும்புது. நடுவுல எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு ஈசியூ பார்க்குது. செகண்ட் இயர்ல நாம எல்லாரும் போட்ட வோல்டேஜ் டிவைடர்தான் இது. எவாப்பரேட்டர் கிட்டத்தட்ட 3, 4 டிகிரிக்கு வந்ததும் ஈசியூ கம்ப்ரஸரை நிறுத்தும். இல்லாட்டி அது மேல படியற ஈரம் ஐஸ் ஆகி, காத்துப் போற வழியே அடைச்சுக்கும்.

ஈசியூவுக்குக் கண் கிடையாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரு வோல்டேஜ் மட்டும். ஒயர் எங்கயாவது அறுந்தா 5 வோல்ட் அப்படியே நிக்கும், அதுக்குப் பேர்தான் 'ஹை'. சென்சார் உள்ளே உடைஞ்சாலும் ஹை, கனெக்டர் பின் கழண்டாலும் ஹை, கிரவுண்ட் ஒயர் போனாலும் ஹை. கோட் சொன்னது இந்த வட்டத்துல எங்கயோ வழி விட்டுப்போச்சுன்னு. அந்த வட்டத்துல சென்சார் ஒரு ஸ்டேஷன். நான் ரயில் லேட்டானதுக்கு ஸ்டேஷன் மாஸ்டரை ரெண்டு தடவை மாத்தினேன்.

கடைசியா பால்பண்ணை பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனோம். ஐம்பது வயசு இருக்கும். நான் போனவுடனே "அண்ணே, பி0538 வருது, எவாப்பரேட்டர் சென்சார்"னு ஆரம்பிச்சேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏசி போட்டா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதா?"

மாமா யோசிச்சார். "முன்னாடி சொட்டும்ங்க. இப்பக் கொஞ்ச நாளா இல்ல. முன்சீட்டு மேட்டுதான் அடிக்கடி ஈரமா இருக்கு. பாசஞ்சர் யாராவது வாட்டர் பாட்டில் கவுத்திருப்பாங்கன்னு..."

"சரி."

அந்த 'சரி'லயே அவருக்குப் பாதி தெரிஞ்சிருக்கணும். எனக்கு ஒண்ணும் புரியல.

அப்புறம் பெரிய ஸ்கேனரை மாட்டினார். இந்த சென்சார் விஷயத்துல என் அடாப்டர்ல எனக்குக் கோட் மட்டும்தான் தெரிஞ்சது. எவாப்பரேட்டர் டெம்பரேச்சரை அந்தந்த செகண்ட்ல பார்க்க இந்த மாதிரி ஸ்கேனர் வேணும். ஏசி போடாம, சாவி மட்டும் ஆன். வண்டி ரெண்டு மணி நேரமா ஷெட் நிழல்ல கதவு திறந்து நின்னுட்டு இருந்தது. ஸ்கேனர்ல 18 டிகிரி.

"தம்பி, இப்ப இங்க எவ்வளவு டிகிரி இருக்கும்?"

"34 இருக்கும்ணே."

"ஏசியே போடல. உள்ள 18 எங்கேர்ந்து வந்துச்சு?"

நான் ரெண்டு சென்சார் வாங்கினதுக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. இதுக்கு டிகிரியும் தேவையில்லை, வெயில்ல நின்னாலே போதும்.

அடுத்து கையைக் க்ளவ் பாக்ஸுக்கு அடியில விட்டு கனெக்டரைக் கழட்டினார். ரீடிங் அடிமட்டத்துக்கு, மைனஸுக்குப் போனது. ஓபன் சர்க்யூட், சரியான நடத்தை. அப்புறம் ஒயர் பக்கத்து கனெக்டர்ல ஒரு சின்ன ஒயரை வெச்சு ரெண்டு பின்னையும் ஷார்ட் பண்ணினார். இப்ப சென்சாரே லைன்ல இல்ல. ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம்னா ரீடிங் உச்சத்துக்குப் போயிருக்கணும். 32 டிகிரியில நின்னது.

"சென்சார் கையில இருக்கு. அப்புறம் இந்த ரெசிஸ்டன்ஸ் யாருது?"

என் வாழ்க்கையில தெர்மிஸ்டர் எனக்குப் புரிஞ்சது அந்த நிமிஷத்துலதான். ஒயர்லயே ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒளிஞ்சுட்டு இருக்கு. மல்டிமீட்டர்ல பார்த்தா ஏறக்குறைய 1.1 கிலோஓம். கனெக்டருக்குப் பின்னாடி டேப்பைப் பிரிச்சார். கிரவுண்ட் ஒயர் டெர்மினலோட சேர்ற இடத்துல, க்ரிம்ப் பண்ணின இடம் முழுக்க பச்சைப் பச்சையா களிம்பு. ஒயரை லேசா ஆட்டினா ஸ்கேனர்ல நம்பர் தாவுது.

ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்க சென்சார் 10 டிகிரியில சுமார் 3 கிலோஓம், 4 டிகிரியில சுமார் 4.1. எவாப்பரேட்டர் உண்மையில 10 டிகிரியில இருக்கும்போதே, களிம்போட 1.1 சேர்ந்து 4.1 ஆகுது. ஈசியூ "ஐயோ, 4 டிகிரி, ஐஸ் ஆகிடும்"னு கம்ப்ரஸரை நிறுத்துது. ஈசியூ மேல ஒரு தப்பும் இல்லை. 4.1 கிலோஓம் ஒரு நியாயமான நம்பர்ங்கிறதால கோடும் வராது. பள்ளத்துல இறங்கி ஒயர் முழுசா விட்டாதான் கோட் வரும். அந்த ஒரு கோடைத்தான் நான் போன்ல பிடிச்சேன்.

அப்ப சென்சார் மாத்தினதும் ஒன்பது நாள் எப்படி நல்லா ஓடினது? அதையும் அவரே சொன்னார். கனெக்டரைப் பிடுங்கி மாட்டும்போது ஒயர் இழுபட்டு, களிம்பு கொஞ்சம் உரசி, காப்பர் காப்பரைத் தொட்டிருக்கு. புது சென்சாருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பழசையே கழட்டி மாட்டியிருந்தாலும் ஒன்பது நாள் ஓடியிருக்கும்.

களிம்புக்குக் காரணம் தண்ணி. எவாப்பரேட்டர்ல சேர்ற தண்ணி வெளியே போற ட்ரெயின் பைப், தூசியில அடைச்சுக் கிடந்தது. வெளியே சொட்ட வேண்டியது உள்ளே வழிஞ்சு, ஒயர் மேல இறங்கி, மேட்டை நனைச்சிருக்கு. பைப்பை ஊதி சுத்தம் பண்ணினார். கெட்டுப்போன இடத்தை வெட்டி, புது டெர்மினல் போட்டு, சால்டர் வெச்சு, மேல ஸ்லீவ் போட்டார். திரும்ப ஸ்கேனர்: 34. ஷார்ட் பண்ணினா உச்சம். பில் 700 ரூபாய்.

மாமா உடனே, "ஒரு ஒயர் ஒட்டினதுக்கு 700-ஆ?"

எனக்கு வெட்கமா போச்சு. நான் சொன்ன தப்பான பதிலுக்கு 4,450 பேரம் பேசாம கொடுத்தவர், சரியான பதிலுக்குப் பேரம் பேசுறார். யோசிச்சா மாமாவைக் குறை சொல்லவும் முடியல. கையில ஒரு டப்பா வந்தா காசு கொடுக்க மனசு வருது, யாரோ ஒரு மணி நேரம் யோசிச்சதுக்குக் கொடுக்க வர்றதில்லை. அதனால ஒர்க்‌ஷாப்காரங்களும் யோசிக்கிறதை விட்டுட்டு டப்பா விக்கிறாங்க. பார்ட் மாத்தி மாத்திப் பார்க்கிற பழக்கத்துக்கு மெக்கானிக் மட்டும் காரணம்னு நான் இனிமே சொல்ல மாட்டேன்.

சரி, இப்ப நம்ம லேபுக்கு வர்றேன்.

செகண்ட் இயர்ல தெர்மிஸ்டர் கேரக்டரிஸ்டிக்ஸ் எக்ஸ்பெரிமென்ட் எல்லாரும் செஞ்சிருப்பீங்க. தண்ணியைச் சூடு பண்ணி, அஞ்சு அஞ்சு டிகிரிக்கு ரீடிங் எடுத்து, கிராஃப் ஷீட்ல வளைஞ்ச கோடு. எனக்கு அதுல ஃபுல் மார்க். கிட்டு வேலை செய்யலைன்னா என்ன பண்ணினோம்? "அண்ணா, இந்தக் கிட்டு ஒர்க் ஆகல." லேப் அண்ணன் வேற கிட்டு கொடுத்தார். ஐ.சி. போச்சா, வேற ஐ.சி. ப்ரோப் போச்சா, வேற ப்ரோப். அதுவும் வரலைன்னா சீனியர் ரெக்கார்டு இருக்கவே இருக்கு. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட "ஏன் ஒர்க் ஆகல, கண்டுபிடி"ன்னு யாரும் என்கிட்ட சொன்னதில்லை. நான் மாமா வண்டியில செஞ்சது வேற ஒண்ணும் இல்லை, லேப்ல கத்துக்கொடுத்ததைத்தான். வேற கிட்டு கொடுங்க அண்ணா.

அதனால என் கருத்து இது: மாடல் ப்ராக்டிகல்ல ஒரு கேள்வியாவது பழுதான போர்டா இருக்கணும். வேணும்னே பழுது வெச்ச போர்டு. தப்பான ரெசிஸ்டர், உள்ளே அறுந்த ஒயர், ட்ரை சால்டர். அவுட்புட் வரணும்னுகூட கட்டாயம் வேண்டாம். எதைச் சந்தேகப்பட்டாய், எங்கே அளந்தாய், அந்த அளவு எதை ஒதுக்கினது, அடுத்து எங்கே போனாய் - இதை எழுதினா மார்க். செலவு கிடையாது. நம்ம லேப் மூலையில ஒரு அட்டைப்பெட்டி நிறைய செத்த கிட்டு இருக்கு. இந்தக் காலேஜ்லயே அதிகமா கத்துக்கொடுக்கக் கூடிய பெட்டி அதுதான்னு நான் நினைக்கிறேன், அதைக் கழிச்சுக் கட்டப் போறாங்களாம்.

இதை ஒரு சார்கிட்ட சொன்னேன். "அவுட்புட் வராம எக்ஸ்டர்னல் எப்படிப்பா மார்க் போடுவாரு?"ன்னு கேட்டார். நியாயமான கவலைதான். அறுபது பேருக்கு அரை நாள்ல மார்க் போடணும், கிராஃப் பார்த்துப் போடுறது சுலபம். இருந்தாலும் இன்டர்னல்ல செய்யலாமே, அங்க எக்ஸ்டர்னல் வரப்போறதில்லையே.

கிளாஸ்ல வேற மாதிரி பதில் வந்தது. "மச்சி, ஒயர் செக் பண்றது ஐ.டி.ஐ. பசங்க வேலை. நாம டிசைன்." இதைக் கேட்டப்ப எனக்குக் கோபம் வந்ததுன்னு சொன்னா பொய். நானும் ஏப்ரல் வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன், அதனாலதான் அந்த அண்ணன்கிட்ட போய் முதல்ல கோட் நம்பரைச் சொன்னேன். ஆனா அன்னைக்கு ஷெட்ல ஓம் விதியைப் பயன்படுத்தினது யாரு? கனெக்டரைக் கழட்டினதும் ஷார்ட் பண்ணினதும் ஒரு சர்க்யூட்டை ரெண்டாப் பிரிச்சு, எந்தப் பாதியில தப்புன்னு கேக்கிற கேள்வி. அதைவிட சுத்தமான இன்ஜினியரிங்கை நான் எந்த புக்லயும் பார்க்கல. அவர் அதை 'லைன் செக்'னு சொல்றார், அவ்வளவுதான்.

காலேஜ் மாறும்போது மாறட்டும்னு ஹாஸ்டல்ல நாங்க நாலு பேர் சனிக்கிழமை ராத்திரி ஒரு விளையாட்டு ஆரம்பிச்சோம். ஒருத்தன் ப்ரெட்போர்டுல சர்க்யூட் போட்டு ஒரு பழுதை ஒளிச்சு வைப்பான், மத்தவங்க மல்டிமீட்டரோட கண்டுபிடிக்கணும். எதையும் மாத்தக் கூடாது, அளக்க மட்டும்தான் அனுமதி. முதல் வாரம் என் ரூம்மேட் ஒரு ஜம்பர் ஒயரோட முனையில கலர் இல்லாத நெயில் பாலிஷ் தடவி வெச்சுட்டான். பார்க்க நல்லா சொருகின ஒயர், கரன்ட் மட்டும் போகாது. நான் 50 நிமிஷம் எடுத்தேன். அதுல முதல் 40 நிமிஷம் ஐ.சி.யைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

மாமாவுக்கு ஏசி இப்ப நல்லா இருக்கு. வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதான்னு தினமும் குனிஞ்சு பார்க்கிறார். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் டிரிப் திரும்ப வரல. அவங்களுக்கு வேற வண்டி பழகிடுச்சு.

கழட்டின ரெண்டு சென்சாரும் என் டேபிள்ல இருக்கு, முதல்ல வண்டியோட வந்ததும், நான் டூப்ளிகேட்னு பழி போட்டதும். உருகுற ஐஸ் தண்ணியில போட்டு அளந்தேன். ரெண்டுமே 5 கிலோஓம் கிட்டத்தான் காட்டுது. யாருக்காவது ப்ராஜெக்ட்டுக்கு வேணும்னா ரூமுக்கு வந்து வாங்கிக்கோங்க.